ஒரு முகம் ஊருக்கு, ஒரு முகம் உரியவருக்கு

ஐப்பசி மாதம். அடைமழை சற்றே ஓய்ந்து, வீடுகளில் விளக்கேற்றும் நேரம். கதை கேட்பவர்கள் காலத்தையும் நேரத்தையும் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இது வெயில் காலத்தில் தொடங்கியிருக்க முடியாது. வெயிலில் அரக்கு இளகும். மழைக்குளிரில் ஊற்றிய அரக்குத்தான் கல்லாக இறுகும்.

முன்னொரு காலத்தில் தென்பாண்டிக் கடற்கரையில் தாழைத்துறை என்றொரு பட்டினம் இருந்தது. அதை ஆண்ட மன்னன் வெகு தொலைவில் இருந்தான். அருகில் இருந்தவை மூன்று: கடல், காற்று, துறைத்தலைவர் மெய்யடியாரின் அதிகாரம். முதல் இரண்டும் ஆண்டில் சில நாளாவது ஓய்வு எடுத்துக்கொள்ளும்.

அந்தப் பட்டினத்தில் பேராச்சி என்பவள் வாழ்ந்தாள். கப்பலேறும் நெய்க்குடங்களுக்கும் எண்ணெய்க்குடங்களுக்கும் வாய் கட்டி, அரக்கு உருக்கி ஊற்றி, முத்திரை வைப்பது அவள் தொழில். அவள் கணவன் பலவேசம் தன் சொந்தத் தோணியில் அக்குடங்களைக் கப்பலுக்குக் கொண்டுசேர்ப்பான். அவள் மூடுவாள், அவன் ஏற்றுவான், கடல் கொண்டுபோகும். குறையொன்றும் இல்லை.

இனி அவ்வூர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கவனமாகக் கேளுங்கள்.

தாழைத்துறைக்கு வழிப்போக்கர் அதிகம்; அவர்கள் நம்பி ஒப்படைத்துப் போகும் அடைக்கலப் பொருளும் அதிகம். அடைக்கலத்தைப் பெட்டிக்குள் பூட்டினால், உள்ளே இருப்பது அதுதானா என்று ஊர் ஐயுறும். வெளியே வைத்தால், கண்டவனெல்லாம் உரிமை கொண்டாடுவான். ஆகையால் அவ்வூரார் பொருளை அரக்கில் பாதி புதைத்து, பாதி வெளியே தெரிய, காப்பவர் வீட்டு வாசல் நிலையின் மேல் பதித்துவிடுவார்கள். ஒரு முகம் ஊருக்கு, ஒரு முகம் உரியவருக்கு.

திரும்பி வருகிறவர், மறைந்த முகம் எது என்று காப்பவரின் காதில் சொல்ல வேண்டும். சரியாயின், காப்பவர் ஊர் பார்க்க அரக்கை உடைப்பார். தவறாயின், தலையை அசைப்பார். சொல்லும் வாய்ப்பு ஒருவருக்கு ஒரே முறைதான். பொய்யுரிமை கேட்டவர் துறைத்தலைவர் விதிக்கும் தண்டத்தைச் செலுத்தியாக வேண்டும். காப்பவரோ, சொல்லாலும் குறிப்பாலும் எதையும் எவருக்கும் எடுத்துக்கொடுக்கக் கூடாது.

எளிய வழக்கம்தான். ஆனால் அதன் முழுப் பாரமும் ஒரே ஒருவர் நாவின் மேல் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அவ்வாண்டு ஆடிக் காற்றில் வந்த ஒரு கப்பல், காய்ச்சல் கண்ட மாலுமி ஒருவனை மணலில் இறக்கிவிட்டுப் போயிற்று. பனைமரம் போல நெடியவன், தலைமுடி செம்பட்டை. பலவேசம் அவனைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். பேராச்சி கஞ்சி வைத்துக் கொடுத்தாள். எழுந்து நடக்கத் தொடங்கிய அன்றே அவன் வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டான். அதன்பிறகு, எந்த வாசலாக இருந்தாலும், அது எவ்வளவு உயரமாக இருந்தாலும், குனிந்தே நுழைந்தான்.

அவன் பெயர் எஸ்கில். ஊரார் எசக்கி என்று அழைத்தார்கள், அவனும் ஏற்றுக்கொண்டான்.

உடம்பு தேறியதும், தெற்கே போகும் கப்பல் ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. புறப்படுவதற்கு முன், அந்த ஐப்பசி மாலையில், அவன் தன் இடுப்புத் துணியிலிருந்து ஒரு வெள்ளிக்காசை அவிழ்த்து விளக்கடியில் வைத்தான்.

சுவீடன் என்று இக்காலப் பிள்ளைகள் பூகோளத்தில் படிக்கும் வடகடல் நாட்டில் அடித்த காசு அது. அந்நாட்டார் அதை ரிக்ஸ்தாலர் என்றார்கள். நம் வெள்ளி ரூபாய் இரண்டரையின் எடை. உள்ளங்கைக் குழியை நிறைக்கும் அகலம். விளிம்பைச் சுற்றி எழுத்து. நடுவில் ஓர் உருவம் நின்றது. அதன் வலக்கை உயர்ந்திருந்தது. இடக்கையில் உருண்டையாக ஏதோ இருந்தது.

பலவேசம் காசை விளக்கருகே பிடித்துப் பார்த்தான்.

"இது நம்ம முருகன்லா? வலது கை அபயம். இடது கையில மாம்பழம். பழனிக்குப் போற வழியில இவுக ஊருக்கும் ஒரு எட்டு போயிருக்காரு."

எஸ்கில் சிரித்தான். "எங்க சாமி, அண்ணாச்சி. மாம்பழம் இல்ல. உலகம்."

"உலகமா? அப்பவும் சரிதான். உலகத்தைச் சுத்தினவருக்குத்தானே மாம்பழம்."

"சுத்தினவருக்கு எங்க கிடைச்சுது?" என்றாள் பேராச்சி. "இருந்த இடத்துல இருந்து அம்மையப்பனைச் சுத்தினவர்லா வாங்கித் தின்னாரு."

எஸ்கிலுக்கு விளங்கவில்லை. பேராச்சி அந்தப் பழைய கதையைச் சுருக்கமாகச் சொன்னாள்: அண்ணனும் தம்பியும் ஒரு பழத்துக்குப் போட்டியிட்டதையும், தம்பி உலகைச் சுற்றப் பறந்ததையும், அண்ணன் தாய் தந்தையைச் சுற்றிவந்து இதுவே உலகம் என்றதையும். எஸ்கில் காசைத் திருப்பி, அதன் மறுமுகத்தை நெடுநேரம் பார்த்தான்.

"இது அம்மா குடுத்தது, அக்கா. ஊரை விட்டு வரும்போது. வெள்ளி காட்டாதவனை எங்க ஊர்ப் பக்கம் போற கப்பல்ல ஏத்த மாட்டாங்க. எனக்கு வேற வெள்ளி இல்ல. கூட வச்சிருந்தா, கூட இருக்கிறவன் எடுத்துக்குவான். நான் திரும்ப வருவேன். வீட்டுக்குப் போக இது வேணும்."

பேராச்சி தேங்காய் ஓட்டுக் கரியில் அரக்கை வாட்டினாள். விரலிடையே நூலாக இழுபடும் பதம் வந்ததும், வாசல் நிலையின் மேல் அப்பினாள். எஸ்கில் தன் கையாலேயே காசைப் பதித்தான். அபயக்கை ஊரைப் பார்த்தது. மற்ற முகம் அரக்குக்குள் போயிற்று.

அந்த முகத்தைப் பார்த்தவர்கள் இருவர்: எஸ்கிலும் பேராச்சியும். பலவேசத்தின் கையில் காசு இருந்தபோது முருகனிலேயே அவன் மனம் லயித்துவிட்டது. திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அது எந்த முகம் என்பதை உங்களுக்கும் இப்போது சொல்லப்போவதில்லை. பேராச்சி சொல்லாதபோது நான் முந்திக்கொள்வது முறையல்ல.

எஸ்கில் போனான். ஆண்டுகளும் போயின.

அடைக்கலக் காசைப் பார்க்க ஊரார் வந்தவண்ணம் இருந்தார்கள். வடகடல் முருகன் என்று பெண்கள் பூ வைத்தார்கள். பார்த்த முகம் போதாதென்று பாராத முகத்தையும் கேட்டவர்கள் மூவர்.

முதலில் கேட்டவள் பக்கத்து வீட்டுத் தட்டார் மனைவி. அவள் ஆவலால் கேட்டாள்.

"பின்னால என்னதான் இருக்கு பேராச்சி? சொல்லிரு. எனக்குத் தலை வெடிச்சிரும் போல இருக்கு."

"வெடிக்கட்டும் மதினி. அரக்கு ஊத்தி அடைச்சுத் தாரேன்."

இரண்டாவதாகக் கேட்டவர் துறைத்தலைவர் மெய்யடியார். அவர் அதிகாரத்தால் கேட்டார்.

"இந்தத் துறையில எனக்குத் தெரியாத சங்கதி இருக்கக் கூடாது. தெரியும்லா?"

"தெரியும் ஐயா. அதான் யோசிக்கேன். தெரிஞ்சவ நான் ஒருத்தின்னா, களவு போனா என்னைப் பிடிப்பீக. தெரிஞ்சவங்க ரெண்டு பேர்னா, யாரு யாரைப் பிடிக்கிறது?"

துறைத்தலைவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கப் போய்விட்டார்.

மூன்றாவதாகக் கேட்டவன் பலவேசம். அவன் பசியால் கேட்டான். அதனால் அவனைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள்.

ஒரு கார்த்திகைப் புயலில் அவன் தோணி போயிற்று. கல் நங்கூரத்தைக் கட்டியிருந்த கயிறு அறுந்து, தோணி கடற்பாறையில் மோதிச் சிதறியது. சொந்தத் தோணியில் நின்றவன் பிறர் தோணியில் கூலிக்குத் துடுப்புப் போட்டான். ஒருவேளைக் கஞ்சி இருவேளையாக நீர்த்தது. ஒருநாள் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அரக்கை உடைக்கவும் வேண்டாம். துறையில நிக்கிற எவனாவது ஒரு பரங்கி மாலுமிகிட்ட சொல்லிக்குடுத்தா, அவன் வந்து உன் காதில சொல்லுவான். முறைப்படி கேட்பான், முறைப்படி உடைப்ப. பாதி அவனுக்கு, பாதி நமக்கு. ஒரு தோணிக்குப் பலகை ஆகும்."

"அவன்கிட்ட யாரு சொல்லிக்குடுப்பா?"

"நான். நான் ஒவ்வொண்ணா சொல்லிட்டு வாரேன். சரியானது வரும்போது நீ கண்ணை மட்டும் சிமிட்டு. வாயைத் திறந்தது நான். நீ இல்ல. எந்தச் சாமி உன்னைக் கேட்கும்?"

பேராச்சி அவன் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உப்புக்காற்றில் உதடு வெடித்திருந்தது. அந்த முகத்துக்கு இல்லையென்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

ஆகவே அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"ராசா," என்றான் பலவேசம். "சிங்கம். கப்பல். கோட்டை. ரெட்டைத்தலைக் கழுகு. ஏட்டி, கண்ணைத் திற. வாள். குதிரை." அவன் சொல்லச் சொல்ல, மூடிய இமைகளிலிருந்து நீர் வழிந்தது, இமை மட்டும் திறக்கவில்லை. சொல்வதற்கு ஒன்றும் மீதமில்லாமல் போனபின், அவன் எழுந்தான்.

"கட்டினவனை விடக் காசு பெருசாப் போச்சு."

"காசு இல்லங்க. குடுத்த வாக்கு."

அன்றோடு பலவேசம் அவளிடம் பேசுவதை நிறுத்தினான். வீட்டில் ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் அதனிடம் சொன்னான்.

"பூனையே, உப்பு இல்லைன்னு சொல்லு."

"பூனையே, நான் துறைக்குப் போயிட்டு வாரதுக்குள்ள கூரையில நனைஞ்ச ஓலையை எடுக்கச் சொல்லு."

பேராச்சியும் பூனைக்கே பதில் சொன்னாள். இருவருக்கும் நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து அந்தப் பூனைக்கு ஒரு பெரிய மனிதத் தோரணை வந்துவிட்டது.

மேலும் சில மழைக்காலங்கள் கழிந்தபின், உரிமை கேட்பவர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களும் மூவர்.

முதலில் வந்தவர் உள்ளூர்த் தரகர் குலசேகரம். எஸ்கிலை வேறொரு துறையில் கண்டதாகவும், உரிமையைத் தமக்கே அவன் விற்றுவிட்டதாகவும் சாதித்தார். ஊர் கூடியது. பேராச்சியின் காதருகே குனிந்து, "மீசை முறுக்கின ராசா," என்றார்.

பேராச்சி தலையை அசைத்தாள்.

"மீசை இல்லாத ராசாவோ?"

"ஒருத்தருக்கு ஒரு தடவைதான் அண்ணாச்சி."

துறை விளக்குக்கு மூன்று குடம் நல்லெண்ணெய் தரும்படி துறைத்தலைவர் தண்டம் விதித்தார். எள் விலை இறங்கட்டும் என்று தரகர் தவணை சொன்னார். எள் விலை இறங்கவே இல்லை.

இரண்டாவதாக வந்தவன் ஒரு பரங்கிக் கப்பலின் தலைவன். மாசி மாதத்தில் வடகடலுக்குத் திரும்பும் வழியில் தண்ணீர் பிடிக்கத் தாழைத்துறையில் நின்றான். காசைப் பற்றிக் கேள்விப்பட்டு, காலையிலேயே பேராச்சியின் வாசலுக்கு வந்துவிட்டான். துறைத்தலைவரும் ஊராரும் கூடினார்கள். தரகரைப் போல ஊகித்துப் பேசுகிறவன் அல்லன்; பல நாட்டுக் காசும் அவன் கையில் புழங்கியிருக்கிறது.

"எஸ்கில் என் கப்பலில் இருந்தான். செத்துப்போனான். கடலில் விட்டோம். செத்த மாலுமியின் பொருள் கப்பல் தலைவனுக்கு. அது எங்கள் சட்டம்," என்றான். பிறகு அவள் காதில், "மூன்று மகுடம் பொறித்த கேடயம்," என்றான்.

அந்நாட்டுக் காசுகளில் அப்படியும் உண்டு. ஆனால் இந்தக் காசில் பேராச்சி கண்டது அதுவல்ல. அவள் தலையை அசைத்தாள். தண்டம் எதுவென்று மாலையில் சொல்வதாகவும், அதுவரை பாய் விரிக்கக் கூடாதென்றும் துறைத்தலைவர் அவனுக்குக் கட்டளையிட்டார்.

பேராச்சியின் செவியில் தங்கியது கேடயமல்ல. செத்துப்போனான் என்ற சொல்தான். அவள் உள்ளே போய், தேவையில்லாமல் அரக்கடுப்பை மூட்டி, புகையின் முன் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள்.

"பூனையே," என்றான் வாசலில் நின்ற பலவேசம். "அந்தப் பய போய்ச் சேர்ந்துட்டானாம். இனி யாருக்காகக் காக்கிறதாம், கேளு."

"நம்பிப் போனவருக்காகன்னு சொல்லு பூனையே. செத்தா நம்பிக்கையும் செத்துருமா?"

மாலையில் ஊர் மறுபடியும் அவள் வாசலில் கூடியது. கப்பல் தலைவன் ஒருபுறம் நின்றான். துறைத்தலைவர் தண்டத்தைச் சொல்ல வாயெடுத்தார். அந்நேரம் தெற்குப் பாதையில் ஒருவன் கோலூன்றி வந்தான். தலை முழுதும் நரை. ஒரு கண் இல்லை. நெற்றியிலிருந்து உச்சிவரை நீண்ட வடு. இறுக்கிக் கட்டிய துணிமூட்டை ஒன்று தவிர வேறெதுவும் அவனிடம் இல்லை.

"அக்கா," என்றான். "நான் எஸ்கில்."

கூட்டம் சலசலத்தது. எசக்கிக்குச் செம்பட்டைத் தலையாயிற்றே என்றார் ஒருவர். எசக்கிக்கு இரண்டு கண்ணாயிற்றே என்றார் ஒருவர். கப்பல் தலைவன் முகம் சற்றே வெளுத்தது; ஆனாலும், "இவன் யாரோ. நான் பார்த்ததில்லை," என்றான்.

வந்தவன் படியேறி வாசலை நெருங்கினான். நெடிய உடம்பு அடிபட்டும் உழைத்தும் கூனி, நிலைக்குக் கீழே ஒரு முழம் தாழ்ந்திருந்தது. இடிக்க வழியே இல்லை. அப்படியும் அவன் தலை குனிந்தான்.

பேராச்சிக்கு அது போதும். அவள் அறிந்துகொண்டாள்.

ஆனால் வழக்கத்துக்கு அது போதாது. குனிவது விடையாகாது.

"பாய்மரக் கட்டை தலையில விழுந்துச்சு," என்றான் எஸ்கில், நெற்றியைத் தடவி. "நிறைய விஷயம் போச்சு அக்கா. உங்க வாசல் போகல. கஞ்சி போகல." கப்பலை நோக்கிக் கை நீட்டினான். "அது எங்க ஊர்ப் பக்கம் போகுது. இதுக்கப்புறம் நான் இன்னொரு கப்பலைப் பார்க்க மாட்டேன்."

"மறைஞ்ச முகத்தைச் சொல்லட்டும்," என்றார் துறைத்தலைவர். "ஒரே தடவை."

எஸ்கில் அவள் காதருகே குனிந்தான். மெல்லச் சொன்னான்:

"என் அம்மா முகம்."

பேராச்சி தலையை அசைக்கவில்லை; அரக்குக்கத்தியையும் எடுக்கவில்லை.

அவள் நிலையை எண்ணிப் பாருங்கள். சரி என்று சொல்லி உடைத்தால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. காதில் சொன்னது காதோடு போயிற்று. தவறு என்று தலையசைத்தால் வழக்கம் பிழைக்கும். இம்மனிதன் வீட்டைக் காணாமல் இந்த மணலிலேயே சாவான். எது செய்தாலும் யார்க்கும் தெரியாது. ஆனால் பசித்த கணவனுக்குச் சிமிட்டாத கண்ணை, இரக்கத்துக்குரிய அந்நியனுக்குச் சிமிட்டலாமா? கள்ளனை வெளியே நிறுத்திய அதே பூட்டு, இப்போது உரியவனையும் வெளியே நிறுத்திற்று.

அவள் துறைத்தலைவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். கேட்கிறது எடுத்துக்கொடுக்கிறதாகுமா?"

மெய்யடியார் மீசையைத் தடவி யோசித்தார். அதிகாரம் மிகுந்தவரே ஒழிய, நியாயம் தெரியாதவர் அல்லர்.

"கேள்விக்குள்ள விடை இல்லைன்னா ஆகாது."

"அப்ப ஊர் அறியக் கேட்கிறேன். தம்பி, என் காதில சொன்னதை எல்லாரும் கேட்கச் சொல்லுங்க."

எஸ்கில் சொன்னான். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கப்பல் தலைவன் உரக்கச் சிரித்தான்.

"கப்பல்காரன் அம்மைக்குக் காசு அடிச்ச ராசா எந்தச் சீமையில இருக்கான்?" என்றார் தரகர் குலசேகரம்.

எஸ்கில் தலை தாழ்ந்தது. பலவேசம் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தன் மனைவியின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அரக்கை நூலாக இழுக்கும் அந்த விரல்கள் இல்லாத அரக்கை உருட்டிக்கொண்டிருந்தன.

"தம்பி, கண்ணை மூடிக்கிடுங்க," என்றாள் பேராச்சி. "அந்த முகம் எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

எஸ்கில் தன் ஒற்றைக் கண்ணை மூடினான்.

"சின்ன வயசு. நேராப் பார்க்குது. தலைமுடி பின்னல. கட்டல. தோள் மேல விழுது." நிறுத்தினான். புருவம் நெரிந்தது. "கழுத்துல முத்து. ஆனா அம்மாகிட்ட முத்து இல்ல. ஒருநாளும் இல்ல. இந்த முத்து எப்படி வந்துச்சு, எனக்குத் தெரியல அக்கா."

கூட்டத்தில் முகம் சுளித்தார்கள். காசில் பெண் முகமா? அதுவும் தலைவிரி கோலமாகவா? இழவு வீட்டுக் கோலத்தை எந்த அரசு காசில் பொறிக்கும்? தாழைத்துறையில் எத்தனை பேர் எத்தனை ஆண்டு ஊகித்திருந்தாலும், அப்படியொரு முகம் ஒருவர் நினைவிலும் தோன்றியிருக்காது.

பேராச்சி அரக்குக்கத்தியை எடுத்தாள். நிலையின் மேல் மூன்று தட்டு தட்டினாள். முதல் தட்டில் அரக்கு கீறியது. இரண்டாம் தட்டில் பிளந்தது. மூன்றாம் தட்டில் காசு அவள் முந்தானையில் விழுந்தது.

அவள் அதைத் திருப்பி ஊருக்குக் காட்டினாள்.

இளம்பெண் ஒருத்தியின் முகம். கட்டாத கூந்தல் தோளில் புரண்டது. கழுத்தில் முத்துமாலை. வடகடல் நாட்டை அக்காலத்தில் ஒரு பெண் ஆண்டாள். அவளுடைய முகம் அது.

சிரிப்பு நின்றுவிட்டது. எஸ்கில் காசை வாங்கி, கண்ணருகே பிடித்துப் பார்த்தான். தாய் கொடுத்த காசைத் தனிமையில் பார்த்துப் பார்த்து, காலப்போக்கில் தாயின் முகம் நினைவில் தேய்ந்திருந்தது. காசின் முகம் அவ்விடத்தில் குடியேறியிருந்தது. அதை அவன் அந்த வாசலில்தான் உணர்ந்தான்.

"இது அம்மா இல்ல," என்றான். "அப்ப அம்மா எப்படி இருப்பாங்க?"

"போய்ப் பாருங்க தம்பி," என்றாள் பேராச்சி. "ரெண்டு முகத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. உலகத்தைச் சுத்தியாச்சு. இனி அம்மையைச் சுத்துங்க."

"கப்பலுக்கு இதைக் குடுக்கணுமே அக்கா."

அப்போது பலவேசம் முன்னால் வந்தான்.

"ஐயா, ஒரு வார்த்தை. எசக்கி செத்துட்டான்னு காலையில கப்பல்காரரே ஊர் அறியச் சொன்னாரு. செத்தவனுக்குக் கப்பல் கூலி எந்தத் துறையிலயும் கிடையாதே."

துறைத்தலைவர் அவனைப் பார்த்தார். பிறகு கப்பல் தலைவனைப் பார்த்தார். பல்லாண்டுகளுக்குப் பின் அவர் சிரித்ததை ஊர் அன்று கண்டது.

"நியாயம். ஐயா கப்பல் தலைவரே, நீர் சொன்னதை நான் நம்புகிறேன். இவன் செத்தவன். செத்தவனிடம் வெள்ளி கேட்காமல் கொண்டுபோய் அவன் ஊரில் சேர்ப்பீராக. அதுவே உமக்குத் தண்டம். வழியில் இரண்டாம் முறை செத்தான் என்று செய்தி வந்தால், உம் கொடி பறக்கும் எந்தக் கப்பலுக்கும் இத்துறையில் ஒரு குடம் தண்ணீர் கிடையாது."

ஆசைக்குக் கொடாமலும் இரக்கத்துக்கு வளையாமலும் காப்பவர் இருந்தால்தான், நம்பி ஒப்படைத்தது நம்பியவரைச் சென்றடையும்.

நீதி அதுதான். இனி, யார் எதை எப்போது செலுத்தினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் எழுந்திருப்பது எனக்குப் பழக்கமில்லை.

கப்பல் தலைவன் தன் தண்டத்தை அடுத்து வந்த ஆவணியில், எஸ்கிலை உயிரோடு அவன் ஊர்க் கரையில் இறக்கிச் செலுத்தினான். தரகர் குலசேகரம் சித்திரை பிறக்குமுன் மூன்று குடம் எண்ணெயையும் செலுத்தினார். எள் விலை அப்போதும் இறங்கியிருக்கவில்லை. எஸ்கில் இரண்டாண்டு கழித்து, ஒரு தை மாதத்தில், வடகடல் இரும்பில் அடித்த நங்கூரம் ஒன்றை அனுப்பினான். கொண்டுவந்த மாலுமி வாய்மொழியாகச் சொன்னது இவ்வளவே: இரண்டு முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தானாம், கொஞ்சமும் ஒற்றுமை இல்லையாம், தாய் காசைப் பார்த்து, நான் இவளைவிட அழகு என்றாளாம். அந்த நங்கூரத்துக்கு ஏற்ற தோணிக்குத் துறைத்தலைவர் பலகை கொடுத்தார்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னதாகச் செலுத்தியவன் பலவேசம். அந்த மாசி மாலையிலேயே, கடன்வாங்கிய தோணியில் எஸ்கிலைக் கப்பலேற்றிவிட்டு, நனைந்த வேட்டியோடு திரும்பி வந்தான். வாசலில் அரக்குத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. பூனை வழக்கம்போல நடுவில் வந்து உட்கார்ந்து, சொல்லுங்கள் என்பது போல முகத்தை நிமிர்த்தியது. பலவேசம் அதைத் தாண்டிப் போய், அடுப்படியில் நின்று சொன்னான்:

"பேராச்சி, பசிக்கு. நீயும் உட்காரு. சேர்ந்து சாப்பிடுவோம்."